காலி அரண்மனைக்குக் காவல்: பாரிஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 7, சார்செல்

பாரிஸ் புறநகரில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. அக்கா வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள். ஐந்தாவது மாடி பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி, கீழே கார் நிறுத்துமிடம், எதிர்க் கட்டடத்தில் யாரோ சத்தமாக ராப் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக் கண் பாண்டிச்சேரி நேரத்திலும் பாதிக் கண் பாரிஸ் நேரத்திலும் இருக்கிறது. அதனால் சுருக்கமாக.

எதற்கு வந்தாய் என்று அத்தான் கேட்டார். எங்கள் ஊரில் ஜூலை 13 ராத்திரி லாந்தர் ஊர்வலம் போகும், மறுநாள் பிரெஞ்சு தேசிய நாள், கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் பிரெஞ்சு தேசிய கீதம் மார்செய்யேஸ் பாடுவார்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சி என்றால் மக்கள் பிடித்த பாஸ்டில் சிறைக்கோட்டை என்றுதான் மனசில் பதிந்தது. பிறகு வரலாற்று டீச்சரானேன். பாடப் புத்தகத்தில் 1789 பாஸ்டிலுக்கு ஒரு பக்கம், 1793இல் மன்னர் தலை போனதற்கு அரைப் பக்கம். நடுவில் ஒரே ஒரு வரி: 1792இல் முடியாட்சி ஒழிந்தது. எப்படி ஒழிந்தது என்று ஒரு பையன் கேட்டான். "மக்கள் எழுச்சியால்" என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியின் கடன்தான் இந்தப் பயணம். பாஸ்டில் விழுந்த பிறகும் மூன்று வருஷம் பதினாறாம் லூயி மன்னராகவே இருந்தார். அவரைக் கீழே இறக்கிய நாள் 1792 ஆகஸ்ட் 10. அந்த நாளில் பாரிஸில் இருக்க வேண்டும் என்று டிக்கெட் போட்டேன்.

அத்தான் சிரித்தார். "எல்லாரும் டவர் பாக்க வருவாங்க."

ஆகஸ்ட் 8, ஃபொபூர் சேந்த் அந்த்வான்

பாஸ்டில் சதுக்கத்தில் பாஸ்டில் கிடையாது. நடுவில் நிற்கும் பச்சைத் தூணைப் பார்த்து அதுதான் 1789 நினைவுச் சின்னம் என்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது 1830 ஜூலைப் புரட்சியில் இறந்தவர்களுக்கு வைத்தது. இந்த ஊரில் புரட்சிகள் ஒன்றின் மேல் ஒன்று குடியேறிவிடும்போல.

நான் போனது அதற்குப் பக்கத்துத் தெருவுக்கு. ஷரோந்தோன் தெருவில் கேன்ஸ் வேன் என்ற கண் மருத்துவமனை. பெயருக்குப் பொருள் பதினைந்து இருபதுகள், அதாவது முந்நூறு. முந்நூறு பார்வையற்றவர்களுக்காக ஒன்பதாம் லூயி தொடங்கிய இல்லம். பிற்பாடுதான் இந்தத் தெருவுக்கு வந்தது. அதன் பெயரையே இந்த வட்டாரத்துக்கும் வைத்திருந்தார்கள். அப்போது பாரிஸில் 48 வட்டாரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம், ஒரு காவல்படைப் பிரிவு. நாற்காலி செய்கிற தச்சர், பீர் காய்ச்சுகிறவர், கம்மாளர் இங்கே உட்கார்ந்து முடிவெடுத்த கெடுதான் அது: ஆகஸ்ட் 9 இரவுக்குள் சட்டமன்றம் மன்னரை நீக்காவிட்டால் அபாய மணி அடிப்போம். ஃபொபூர் என்றால் புறப்பேட்டை. இந்தப் பேட்டையின் காவல்படைத் தலைவர் சாந்தேர் பீர் ஆலை முதலாளி.

அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது? ஒரு நாளில் வந்ததல்ல. 1791 ஜூனில் மன்னர் குடும்பத்தோடு தப்பி ஓடப் பார்த்து வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார். அன்றே பாதி மரியாதை போயிற்று. 1792 ஏப்ரலில் ஆஸ்திரியாவோடு போர். ராணியோ ஆஸ்திரியாக்காரி. ஊர் சும்மா இருக்குமா? பாரிஸைக் காக்க 20,000 பேர் கொண்ட படை முகாம் அமைக்கச் சட்டமன்றம் தீர்மானித்தது. மன்னர் வெத்தோ என்ற தடுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி நிறுத்தினார். ஊர் அவருக்கு "வெத்தோ ஐயா" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டது. ஜூன் 20 அன்று கூட்டம் அவர் குடியிருந்த துய்லெரி அரண்மனைக்குள் புகுந்து அவர் தலையில் புரட்சிக்காரர்களின் சிவப்புக் குல்லா போட்டுவிட்டு, நாட்டின் நலத்துக்குக் குடிக்க வைத்துவிட்டுத் திரும்பியது. எச்சரிக்கை அது.

அப்புறம் பிரன்சுவிக் கோமகனின் அறிக்கை. எதிரிப் படைத்தலைவர் ஜூலை 25 தேதியிட்டு வெளியிட்டது: அரச குடும்பத்தின் மேல் கை பட்டால் பாரிஸ் நகரத்தையே பழிதீர்ப்போம். மன்னரைக் காப்பாற்ற எழுதிய காகிதம் அது. அதுவே அவரைக் கவிழ்த்தது. மன்னர் எதிரியின் ஆள் என்று சந்தேகப்பட்டவனுக்கு எதிரியே சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஆகஸ்ட் தொடக்கத்தில் 48 வட்டாரங்களில் 47 மன்னரை நீக்கக் கேட்டுவிட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் கூலி அளவுக்கு வரி கட்டாதவனுக்கு அப்போது ஓட்டு இல்லை. "செயலற்ற குடிமகன்" என்று அவனுக்குப் பெயர். ஆகஸ்ட் 10 அன்று செயலில் இறங்கியவர்களில் அவர்களும் உண்டு.

கால் வலி. மருத்துவமனை வாசலில் ஒரு பாட்டியம்மா என்னை நோயாளி என்று நினைத்து உள்ளே போகும் வழியைக் காட்டினார்.

ஆகஸ்ட் 9, மாரே

கர்னவலே அருங்காட்சியகம், இலவசம். பாஸ்டிலின் சாவிகள் முன்னால் ஒரே கூட்டம். நான் தேடிப் போனது ஒரு பாதத்தை.

வெண்கலப் பாதம், இடது கால். பதினான்காம் லூயி குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சிலை வாந்தோம் சதுக்கத்தில் இருந்தது. கிட்டத்தட்ட ஏழு மீட்டர் உயரம். 1792 ஆகஸ்ட் 10 முடிந்த கையோடு ஊரிலிருந்த மன்னர் சிலைகளையெல்லாம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். பாலத்தின் மேல் நின்ற நான்காம் ஹென்றியையும் விடவில்லை. அவர் ஏழைகளுக்கு வேண்டியவர் என்று பேர் வாங்கிய மன்னர், இருந்தும் தப்பவில்லை. வெண்கலம் உருகிப்போக, இந்தக் கால் மிச்சம். உடம்பு இல்லாத காலைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. நின்று பார்க்கப் பார்க்க, சிரிப்பு அடங்கிவிடுகிறது.

அன்று மன்னர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இந்தச் சேகரிப்பில் உண்டு. என் கண்ணில் படவில்லை. காகிதத்தை எந்நேரமும் வெளிச்சத்தில் வைக்க மாட்டார்கள். அதைப் பற்றி நாளைக்கு.

பக்கத்திலேயே ஜோர்ஜ் கேன் பூங்கா. சுவரோரம் உடைந்த சிற்பக் கற்கள். அதில் ஒரு முகப்புத் துண்டு துய்லெரி அரண்மனையுடையது. அதன் நிழலில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் புட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் தாம்ப்ல். மன்னரையும் குடும்பத்தையும் ஆகஸ்ட் 13 முதல் அடைத்து வைத்த கோபுரம் இங்கேதான் இருந்தது. ராஜபக்தர்கள் வந்து கும்பிட ஆரம்பித்ததால் நெப்போலியன் இடிக்கச் சொல்லிவிட்டார். இப்போது பூங்கா, எதிரே 2020 வரை மூன்றாம் நகரப் பகுதிக்கு மட்டும் இருந்த மேரி. (நகராட்சி அலுவலகத்தை எங்கள் ஊரில் இன்னும் மேரி என்றுதான் சொல்வோம். மற்ற ஊர்க்காரர்கள் மாதா கோயில் என்று நினைத்துக்கொள்வார்கள்.) அதன் வாசல் தரையில் கோபுரத்தின் அளவுக்குக் கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல் ஸ்கூட்டர்கள்.

மூன்று நாளாகப் பார்த்ததெல்லாம் ஒரு கால், ஒரு கல், ஒரு கோடு.

ஆகஸ்ட் 10, துய்லெரி

இன்று அத்தானும் வந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா இந்தோசீனாவில் சண்டை போட்டவர். பாண்டிச்சேரியில் இந்த மாதிரிக் குடும்பங்களுக்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்று பெயர். சண்டை நடந்த இடம் என்றதும் மூட்டு வலியை மறந்து கிளம்பிவிட்டார்.

அரண்மனை இல்லை. 1871 மே மாதம், கம்யூன் என்ற பாரிஸ் எழுச்சி அரசின் நாட்களில் தீ வைத்தார்கள். எரிந்த சுவர்களை 1883இல் இடித்துத் தள்ளினார்கள். லூவ்ரின் இரண்டு கரங்களும் மேற்கே நீண்டு, ஒன்று ஃப்ளோர் மாடத்திலும் மற்றது மர்சான் மாடத்திலும் முடிகின்றன. இரண்டுக்கும் நடுவே வெட்டவெளி. அந்த வெட்டவெளிதான் அரண்மனை. அத்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணாலேயே அளந்துவிட்டு, "இவ்ளோ நீளத்துக்கு எத்தன பேரு காவல்?" என்றார்.

மன்னர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த சுவிஸ் காவலர்கள் சுமார் 900. அவர்களைத் தவிர தேசியக் காவல்படை இருந்தது. ஆனால் அது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. தற்காப்புத் திட்டம் போட்டவர் அதன் தளபதி மாந்தா. ராத்திரி அபாய மணி அடிக்க ஆரம்பித்ததும் வட்டாரங்களின் ஆட்கள் நகர மன்றத்தில் கூடினார்கள். பழைய நிர்வாகத்தை ஒதுக்கிவிட்டுத் தாங்களே கம்யூன், அதாவது நகர ஆட்சி என்று அறிவித்துக்கொண்டார்கள். விடிகாலையில் மாந்தாவை அங்கே கூப்பிட்டனுப்பினார்கள். போனவர் உயிரோடு திரும்பவில்லை.

விடிந்ததும் மன்னர் தோட்டத்துக்கு வந்து படையைப் பார்வையிட்டார். சோபாவில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்ததில் ஒரு பக்கத்துத் தலைமுடி அமுங்கி, பவுடர் கலைந்திருந்ததாம். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் கதையே வேறு. "நாடு வாழ்க" என்று சில பிரிவுகள் கத்தின. "வெத்தோ ஒழிக" என்று சில. பீரங்கிக்காரர்கள் முகத்துக்கு நேராகவே திட்டினார்கள். அவர் உள்ளே போய்விட்டார்.

எட்டரை மணி வாக்கில் மாவட்ட அதிகாரி ரோடரர் வற்புறுத்தி அழைக்க, மன்னரும் ராணியும் பிள்ளைகளும் அரண்மனையை விட்டுக் கிளம்பித் தோட்டத்தின் வழியாகச் சட்டமன்றத்துக்கு நடந்தார்கள். சட்டமன்றம் அப்போது தோட்டத்தின் வடக்கு ஓரத்துக் குதிரைப் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. நாங்களும் அந்த வழியே நடந்தோம். வழியெல்லாம் குதிரைச் செஸ்நட் மரத்தின் காய்ந்த இலைகள். ஆகஸ்டிலேயே இங்கே இலை பழுத்துவிடுகிறது. 1792இலும் அப்படித்தான். தோட்டக்காரர்கள் கூட்டிக் குவித்து வைத்திருந்த இலைகளை ஏழு வயது இளவரசன் காலால் எத்திக்கொண்டே போனான். "இந்த வருஷம் இலை சீக்கிரமே உதிர்கிறது" என்றார் மன்னர். கூடவே நடந்த ரோடரர் பின்னால் எழுதி வைத்தது இது. ராஜ்யம் போகிற நேரத்தில் இலையைப் பற்றிப் பேசினாரே என்று வகுப்பில் கிண்டல் செய்திருக்கிறேன். இன்று அதே சருகின் மேல் நடந்தபோது கிண்டல் வரவில்லை. வேறு என்னதான் பேசியிருப்பார்?

பயிற்சிக் கூடம் இருந்த பக்கத்தில் கோடைக் கால ராட்டினத் திருவிழா. பஞ்சு மிட்டாய், எண்ணெய் வாசனை, காசு கொடுத்துப் பொம்மைத் துப்பாக்கியால் பலூன் சுடும் கடை. அந்தச் சத்தத்தைத் தாண்டி ரிவோலி தெருப் பக்கத்து வேலித் தூணில் ஒரு கல்வெட்டு: கூடம் இங்கே இருந்தது, குடியரசு இங்கே பிறந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது அத்தான் கேட்டார்.

"ராஜா போயிட்டாரு. சரி. அந்த 900 பேருக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். மன்னர் போன பிறகும் அவர்கள் காலி வீட்டைக் காத்துக்கொண்டு நின்றார்கள். தெற்கே மார்செய் நகரத்திலிருந்து நடந்தே வந்த தொண்டர்களும் மேற்கே பிரெத்தாஞ் பகுதிக்காரர்களும் முற்றத்துக்குள் நுழைந்தார்கள். முதலில் கொஞ்ச நேரம் பேச்சுதான். எங்கள் பக்கம் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார்கள். யார் முதலில் சுட்டது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. சுவிஸ்காரர்கள் சுட்டதில் முற்றம் காலியாயிற்று. வெளியே கரூசெல் சதுக்கம் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சதுக்கத்துக் கடை ஒன்றில் நின்று, 23 வயதுகூட நிரம்பாத ஒரு பீரங்கிப் படை அதிகாரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் போனபார்த். பிறகு ஃபொபூரின் பெரும்படை வந்து சேர்ந்தது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது மன்னர் சட்டமன்றத்தில், செய்தி எழுத்தர்களுக்கான சின்ன அடைப்புக்குள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்போது எழுதியதுதான் அந்தச் சீட்டு: சுவிஸ் வீரர்கள் உடனே ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் முகாம்களுக்குத் திரும்ப வேண்டும். எழுதிய தாமதமும் போய்ச் சேர்ந்த தாமதமும் ஒரு பக்கம். ஆயுதத்தை வைத்தவனைச் சுற்றிலும் கோபத்தில் கொதிக்கும் கூட்டம் இன்னொரு பக்கம். தோட்டத்தின் வழியாகப் பின்வாங்கியவர்களை மரத்துக்கு மரம் துரத்திக் கொன்றார்கள். சுமார் 600 பேர் அன்று செத்தார்கள். தாக்கியவர்கள் தரப்பில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக நானூறு பேருக்குக் கிட்ட.

அதில் பெரும்பாலோர் பிரபுக்கள் இல்லை. அந்தப் பக்கம் தச்சன், பெயிண்டர், கடைப் பையன். இந்தப் பக்கம் மலைக் கிராமத்திலிருந்து சம்பளத்துக்கு வந்தவன்.

அத்தான் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஆர்டர் வரலன்னா நிக்கத்தான் செய்வான்" என்றார்.

அன்றே சட்டமன்றம் மன்னரை இடைநீக்கம் செய்தது. முழுதாக நீக்கத் துணிவு வரவில்லை. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் அன்று வரவேயில்லை. சொத்து பார்க்காமல் ஆண்கள் ஓட்டுப் போட்டுப் புதிய மன்றம் அமைக்கட்டும், அது முடிவு செய்யும் என்றார்கள். அந்த மன்றம் செப்டம்பர் 21 அன்று முடியாட்சியை ஒழித்தது. என் பாடப் புத்தகத்தின் ஒரு வரி அதுதான்.

ஆகஸ்ட் 11, சார்செல்

எங்கும் போகவில்லை. அக்காவோடு பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு லா ஷப்பெலுக்குக் காய்கறி வாங்கப் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முருங்கைக்காய் விலையைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள்.

நேற்று எழுத விட்டுப்போனது ஒன்று. 1788இல் திப்பு சுல்தானின் மூன்று தூதர்கள் பாண்டிச்சேரியில் கப்பல் ஏறி வந்து வெர்சாயில் பதினாறாம் லூயியைப் பார்த்தார்கள். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டு. கஜானா காலி, மரியாதைதான் கிடைத்தது. தர்பார் நடந்த தேதி ஆகஸ்ட் 10. சரியாக நான்கு வருஷம் கழித்து அதே தேதியில் அந்த மன்னர் எழுத்தர்களின் அடைப்புக்குள் உட்கார்ந்திருந்தார். லூவ்ர் அரண்மனையை அருங்காட்சியகமாகத் திறந்ததும் 1793இல் அதே தேதிதான். ஆனால் அது தற்செயல் இல்லை, வேண்டுமென்றே பார்த்து வைத்த நாள்.

ஆகஸ்ட் 12, பரிகாரக் கோயில்

பெரிய துணிக்கடைகளுக்குப் பின்னால் ஓஸ்மான் சாலையோரம் ஒரு வெள்ளைக் கோயில். பழைய மத்லேன் இடுகாடு இருந்த இடம். தலை வெட்டப்பட்ட மன்னரையும் ராணியையும் இங்கேதான் புதைத்தார்கள். மன்னரின் தம்பி பதினெட்டாம் லூயி பட்டத்துக்கு வந்ததும், 1815இல் எலும்புகளை எடுத்து மன்னர்களைப் புதைக்கும் சேன் தெனி தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விட்டு, இங்கே பாவ நிவர்த்திக்காகக் கோயில் கட்ட ஆரம்பித்தார்.

உள்ளே பளிங்கில் மன்னர், எதிரே ராணி. என்னைப் பிடித்து நிறுத்தியது வெளி முற்றம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கல்லறை வடிவங்கள். ஆகஸ்ட் 10 அன்று இறந்த சுவிஸ் காவலர்களுக்காக வைத்தவை. ஒருவர் பெயரும் தெரியவில்லை.

அத்தான் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். சில வருஷம் முன்னால் பஸ் டூரில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் போயிருக்கிறார்கள். பாறையைக் குடைந்து செதுக்கிய சிங்கம். விலாவில் ஈட்டி முனை பாய்ந்து, சாகும் நேரத்திலும் பிரெஞ்சு அரச முத்திரைக் கேடயத்தின் மேல் பாதத்தை வைத்திருக்கிறது. இதே காவலர்களுக்கு 1821இல் அமைத்தது. அப்போது என்ன என்று தெரியாமலே அக்காவை நிறுத்திப் படம் எடுத்தாராம். பெரிதாக்கிப் பார்த்தோம். சிங்கத்துக்குக் கீழே அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை, ரோமன் எண்தான். இறந்தவர் 760, பிழைத்தவர் 350 என்று. வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கணக்கைவிட அதிகம், இருந்தாலும் கல்லில் ஏறிவிட்டது.

"எங்க அப்பா பேரும் எங்கயும் இருக்காது. நம்பர் இருக்கும்" என்றார் அத்தான். சாதாரணமாகத்தான் சொன்னார்.

தோற்ற பக்கத்துக்குக் கோயிலும் சிங்கமும் கிடைத்திருக்கின்றன. ஜெயித்த பக்கத்தில் செத்த தச்சனுக்கு நான் நடந்த வழியில் ஒரு கல்லையும் பார்க்கவில்லை. நாளை ஒரு இடம் பாக்கி இருக்கிறது.

ஆகஸ்ட் 13, பாதாளம்

தான்ஃபேர் ரோஷ்ரோ சதுக்கம். இங்கேயும் நடுவில் ஒரு சிங்கம். இது வேறு போருக்கு வைத்தது, காயமில்லாத சிங்கம். எதிரே பாதாள எலும்புக் கிடங்குக்கு வாசல். 131 படி இறங்க வேண்டும் என்றதும் அத்தான் மூட்டைத் தடவினார். "நீங்க இங்கயே நில்லுங்க அத்தான், முக்கால் மணியில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இருபது மீட்டர் ஆழம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே 14 டிகிரிக் குளிர். ஊரின் பழைய இடுகாடுகளிலிருந்து அள்ளி வந்த பல லட்சம் பேரின் எலும்புகள். தொடை எலும்புகளை விறகு அடுக்குவதுபோல் அடுக்கி, இடையிடையே மண்டையோடுகளைப் பதித்திருக்கிறார்கள். எல்லாரும் போனில் படம் எடுத்தபடி நகர்கிறார்கள். நான் ஒவ்வொரு கல்வெட்டாகப் படித்துக்கொண்டே போனேன்.

இருந்தது. ஒரு கல், மூன்று செய்தி: சண்டை, துய்லெரி மாளிகை, 1792 ஆகஸ்ட் 10. யாருக்கும் யாருக்கும் நடந்த சண்டை என்று இல்லை. வீரர் என்றோ துரோகி என்றோ இல்லை. பின்னால் எலும்புகள், பக்கத்துச் சுவரில் இருப்பவை மாதிரியே பழுப்பு நிறத்தில். கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் வந்த குடும்பம் வழி கேட்டது, நகர்ந்தேன்.

112 படி ஏறி வெளியே வந்தால் இறங்கிய இடம் இல்லை. வெளியேறும் வாசல் வேறு தெருவில். இறங்குமுன் இதை நான் விசாரித்திருக்க வேண்டும். நேரம் பார்த்தேன், ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அத்தான் போனை எடுக்கவில்லை. வழி கேட்டுக் கேட்டுச் சதுக்கத்துக்கு ஓடினேன்.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரோரம், வெயிலில், நான் விட்டுப்போன அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பத்தடி தள்ளி மர நிழலில் பெஞ்சு காலியாக இருந்தது.

"அங்க உக்காந்திருக்கலாமே அத்தான்?"

"இங்கயே நில்லுங்கன்னு சொல்லிட்டுப் போனியேம்மா."